வலது சுக்கான்

நாலு சுக்கான் பலகைகளையும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கிடத்தியபோது பன்னிரண்டு மணி இருக்கும். புருஷன் தஸ்நேவிஸ் பட்டறையிலிருந்து வர நாலாகும், அதற்குள் இரண்டைத் தேர்ந்தெடுத்து, தேய்த்து, பட்டி வைத்து, ஒரு கை பெயிண்டும் அடித்துவிட வேண்டும். நாளைக் காலை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு மகள் மெல்பா படகைக் கடலில் இறக்கிவிடுவாள். நாலில் இரண்டு. பூகோள டீச்சர் பிரிசில்லாவுக்கு இதெல்லாம் ஒரு காரியமா, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே பேசினது எந்தப் பெஞ்சு என்று சொல்லிவிடுகிறவள். ஆனால் அரை மணி நேரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேதான் இருக்கிறாள், கை உப்புத்தாளைச் சுருட்டுகிறது, விரிக்கிறது, மறுபடி சுருட்டுகிறது. இடது பக்கம் வெள்ளைச் சோடி, பாய்மரப் படகு கிளப்பில் யாரோ விட்டுப்போனது, கல்யாண வீட்டுக்குக் கிளம்பினது மாதிரி மினுமினுப்பு. வலது பக்கம் சாக்கிலிருந்து எடுத்த நீலச் சோடி, அவர்கள் படகின் பழைய சுக்கான்கள், இரண்டு வருஷத் தூசியும் பல்லி முட்டையும் ஒட்டிக்கொண்டு. தஸ்நேவிஸ் காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தான், "கிளப் சோடியப் போட்டுரு பிரிசி. அந்தச் சாக்க ஆக்கர் கடையில எடைக்குக் குடுத்துரு. நான் வரும்போது அது வீட்ல கெடக்கக் கூடாது." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள், சண்டை வந்திருக்கும், சண்டை வேகத்தில் அந்த விஷயமும் வாயிலிருந்து விழுந்து தொலைத்திருக்கும், இன்றைக்கு இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் படகைக் கட்டமரான் என்பார்கள் கிளப்பில், மீன்பிடிக்கிறவர்களின் கட்டுமரத்துக்கும் அதற்கும் பேர் மட்டும்தான் ஒட்டு. ஒடுக்கமான இரண்டு ஓடம், நடுவில் இழுத்துக் கட்டின கித்தான், அதன்மேல் இரண்டு பேர், ஒரு பாய்மரம். ஒவ்வொரு ஓடத்துக்கும் பின்னால் ஒரு சுக்கான். கதவு கீலில் ஆடுகிற மாதிரி பலகை மேலும் கீழும் மடங்கும். தரை தட்டுகிற இடத்தில் தூக்கி வைத்துக்கொள்ளலாம், ஆழம் வந்ததும் இறக்கிப் பிடியை அழுத்தினால் டக்கென்று பூட்டு விழும். அந்த டக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பலகை தண்ணீரில் தொங்குமே தவிர நிற்காது, வேகம் கூடக்கூடத் தண்ணீர் அதைப் பின்னால் தள்ளும், பிடி கல்லாகக் கனக்கும், திருப்பினாலும் படகு திரும்பாது. மற்ற ஊர்களில் இரண்டையும் ஒன்றாக இறக்கிப் பூட்டிவிட்டுப் போவார்கள். இந்தக் கரையில் அது முடியாது, கிளப்புக்கு எதிரே ஒரு மணல்திட்டு, அதன் விளிம்பை ஒட்டிப் போனால் இடது ஓடத்துக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர், வலது ஓடத்துக்கு அடியில் முழங்கால்தான். அதனால் இடதைப் பூட்டி வலதைத் தூக்கி வைத்து ஒற்றைச் சுக்கானில் தாண்டுவார்கள், தாண்டினதும் வலது. பத்தொன்பது வருஷமாகப் பிரிசில்லா அப்படித்தான் போனாள், மெல்பாவுக்கும் அப்படித்தான் பழக்கினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வலதை இறக்கிவிட்டுப் பூட்ட மறந்தாள். இது அவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பூட்டுக்குப் பக்கத்தில் தஸ்நேவிஸ் போட்ட ஒட்டு விட்டுப்போனதால்தான் அன்றைக்குப் படகு கல்லில் மோதியது, தன் தம்பி கிளீட்டஸின் கால் முடமானது என்று தஸ்நேவிஸே நம்பிக்கொண்டிருக்கிறான்.

முதலில் வெள்ளை. வெள்ளையையே போட்டுவிடலாம், அவனே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், நீலத்தை ஆக்கர் கடைக்காரன் தராசில் வைத்துவிட்டால் அதோடு சேர்ந்து அந்த நாளும் போய்விடும், போகுமா, போகாது, ஆனாலும் கண்ணில் படாது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரூபாய்க் காசை எடுத்து வெள்ளைப் பலகையைத் தட்டினாள். இப்படித் தட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான், கல்யாணமான புதுசில், நல்ல பலகையானால் தேங்காயைத் தட்டினது போலக் கணீரென்று கேட்கும் என்பான். மேல் பகுதி கணீரென்றது. நடுவில் தொப்பென்றது. காசு சரியாகப் படவில்லை என்று மறுபடி தட்டினாள், தொப். வேறு காசு எடுத்தாள், காசிலா இருக்கிறது குறை. ஐந்தாவது முறை தட்டும்போது, கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு தட்டுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. கைத்துளைக் கருவியை வைத்து ஒரு சின்ன ஓட்டை போட்டாள். ஓட்டையிலிருந்து தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஒரு சொட்டு வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல். அழுகின வாடை. உள்ளே எவ்வளவு காலமாக ஊறிக்கொண்டிருந்ததோ, வெளியே பார்த்தால் ஒரு கீறல் இல்லை. இரண்டு வாரம் வெயிலில் கவிழ்த்துப் போட்டு வடித்தால் ஒருவேளை சரிவரும். மெல்பா நாளைக்குத் தீவைச் சுற்றி வருகிறாள், பதினேழு வயது, கூட ஒரு சிநேகிதி, பெரியவர்கள் யாரும் இல்லாமல் முதல் தடவை. காற்றடிக்கிற நேரத்தில் இந்தப் பலகை நடுவில் முறிந்தால் என்று நினைத்தாள், நினைப்பை அதற்குமேல் போகவிடாமல் காசை மறுபடி முடிந்துகொண்டாள்.

அப்படியானால் நீலம். நீலத்தைத் தட்ட வேண்டியதே இல்லை, அது நல்லது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்ததுதான் பாரம். வலது பலகையை மடியில் வைத்தபோது இரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த ஜனவரி வாடைக்காற்று முகத்தில் அடித்தது, உடம்பெல்லாம் உப்பு. கிளீட்டஸ் இடுப்பில் வாரைக் கட்டிப் பாய்மரத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டு வெளியே சாய்ந்திருந்தான், அடுத்த வாரம் கப்பலில் ஏறப் போகிறவன், போனால் ஒன்பது மாதம், போவதற்கு முன்னால் ஒரு சுற்று போய்வரலாம் மைனி என்று அவன்தான் கூப்பிட்டான். திட்டைத் தாண்டினதும் வலதை இறக்கினாள், பிடியை அழுத்தப் போன நேரத்தில் ஒரு மீன்பிடி வள்ளம் குறுக்கே வந்தது, வள்ளத்தில் மூன்று பேர், ஒருவன் சிவப்புத் துண்டு, அவன் கையைக் காட்டினான், அவள் ஒதுங்கினாள், கிளீட்டஸ் ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னான்? அது மட்டும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. துண்டின் நிறம் ஞாபகம் இருக்கிறது, சிரித்தது ஞாபகம் இருக்கிறது, டக் கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்காதது எப்படி ஞாபகம் இருக்கும் என்று எத்தனையோ நாள் தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்திருக்கிறாள். ஆனால் திரும்பி வரும்போது பிடி கனத்தது. கனத்தபோதே கைக்குத் தெரிந்தது, நீரோட்டமாக இருக்கும் என்று மனசு சொன்னது, கை சொன்னதைக் கேட்காமல் மனசு சொன்னதைக் கேட்டாள். அலைதடுப்புக் கல்வரிசை பக்கத்தில் வந்தபோது காற்று ஒரு தூக்குத் தூக்கியது, பூட்டியிருந்த இடது சுக்கான் ஓடத்தோடு தண்ணீரைவிட்டு மேலே வந்துவிட்டது. "மைனி, திருப்புங்க," என்றான் கிளீட்டஸ், கத்தக்கூட இல்லை, பஸ்ஸில் இறங்குமிடம் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான். இரண்டு கையாலும் இழுத்தாள். படகு திரும்பவில்லை. ஓடத்துக்கும் கல்லுக்கும் நடுவில் அவனுடைய முழங்கால் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரச் சேலையோடு நின்றாள், தலைக்குமேல் மின்விசிறி, யாரும் அதை நிறுத்தவில்லை. தஸ்நேவிஸ் பட்டறை கிரீஸ் கையோடு ஓடிவந்தான். வந்தவன் தம்பி எங்கே என்று கேட்கவில்லை, எப்படி ஆயிற்று என்றும் கேட்கவில்லை. "பூட்டு விட்ருச்சா?" என்றான். இரண்டு நாளைக்கு முன்னால்தான் வலது பலகையில் பூட்டு வந்து உட்காருகிற இடத்தில் விரிசல் கண்டு, ஃபைபர் துணி வைத்து ரெசின் ஊற்றி ஒட்டுப் போட்டிருந்தான், அதனால் அவன் மனசு நேராக அங்கே போயிருக்கிறது. அவள் தலை ஆடியது. ஆட்டினாளா, ஆடியதா? குளிரில் உடம்பே ஆடிக்கொண்டிருந்தது, பல் கிட்டித்துப்போயிருந்தது, அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் தலை ஆடியிருக்கும். இந்த இடத்துக்கு வந்து வந்து இரண்டு வருஷமாக நிற்கிறாள், மின்விசிறி, கிரீஸ் கை, தலை, மறுபடி மின்விசிறி. நடுக்கம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்ப்பாள், உடனே மூன்றாம் நாள் வந்து சேலையைப் பிடித்து உட்காரவைக்கும். மூன்றாம் நாள் கிளீட்டஸ் கட்டிலில் கிடந்தபடி, "பூட்டுதான மைனி?" என்றான். "ஆமா," என்றாள். அன்றைக்குக் குளிரவில்லை. காய்ந்த சேலை கட்டி, தலை சீவி, பூப்போட்ட பிளாஸ்கில் ஹார்லிக்ஸ் கொண்டுபோயிருந்தாள்.

கிளீட்டஸ் இப்போது செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கிறான், மடங்காத காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. அண்ணனைப் பார்த்து, "விடுண்ணே, நீ வேணும்னேவா செஞ்ச?" என்று ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகுதான் தஸ்நேவிஸ் மொத்தமாக ஒடுங்கிப்போனான், திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பட்டறையில் வேலை செய்கிறான், செய்யாமல் முடியாது, ஆனால் வீட்டுக்கு வந்தால் ஒரு ஸ்க்ரூவைத் தொடமாட்டான். மிக்ஸி கெட்டால் கடைக்கு. சைக்கிள் செயின் கழன்றால் மெல்பாவையே கூப்பிட்டு மாட்டச் சொல்வான். இந்தத் தொட்டிக் குழாய்க்கு ஒரு வாஷர் போட வேண்டும், பழைய தஸ்நேவிஸ் என்றால் காப்பி ஆறுவதற்குள் முடித்திருப்பான், ஆனால் ஏழு மாதமாக ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், வரச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். துறைமுகப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து மெல்பா ஓடத்தைச் சரிசெய்து கொண்டுவந்தபோதும் தூர நின்று பார்த்தான், தடவிக்கூடப் பார்க்கவில்லை. "சுக்கானுக்கு நீ பாரு. என் கை வேண்டாம்," என்றான். என் கை வேண்டாம். அவளுக்கு அந்த நேரம் அழுகை வந்தது, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள். அவனுடைய கையைத் தின்றுகொண்டிருக்கிறோம், தினம் கொஞ்சம், என்று இந்த மாடியில் வைத்து வெளிப்படையாகவே நினைத்தாள். நினைத்தபோது அது இன்னும் மோசமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த வழி தோன்றியது, அதுவும் நல்லபிள்ளை வேஷத்தில் தோன்றியது. நீலத்தைத் தேய்த்து வெள்ளை அடித்துவிட்டால்? இரண்டு சோடியும் ஒரே அளவு, ஒரே வார்ப்பு. வெள்ளையை ஆக்கர் கடையில் கொடுத்துவிடலாம், சாக்கையும் கொடுத்துவிடலாம், அவன் வந்து பார்த்தால் வெள்ளை மாட்டியிருக்கும், மெல்பாவுக்கு நல்ல சுக்கான், அவனுக்கு நிம்மதி, யாருக்கு என்ன நஷ்டம். எண்பது நம்பர் தாளை எடுத்து மளமளவென்று தேய்க்க ஆரம்பித்தாள். நீலம் தூளாகி மூக்கில் ஏறியது, கை முடியெல்லாம் நீலம். விளிம்பில் ஒரு சிராய்ப்பு இருந்தது, கல்லில் பட்டது. அதைப் பார்த்துத்தான் தஸ்நேவிஸ் ஒட்டு பிளந்துவிட்டது என்று முடிவுகட்டிச் சாக்கில் போட்டு வாயைத் தைத்தான். தேய்க்கத் தேய்க்கச் சிராய்ப்பு மறைந்தது, மேல்தோல்தான். அதற்கடியில் அவன் போட்ட ஒட்டு தேன் நிறத்தில் தெரிந்தது, நாலு மூலையும் வட்டமாக வெட்டி, ஒரு காற்றுக்குமிழ் இல்லாமல். மூலையை வட்டமாக வெட்டினால்தான் உரியாது என்பான். தாளைக் கீழே வைத்தாள். பலகையை, பூட்டு இருக்கிற தலைப்பகுதியில் மாட்டி அழுத்தினாள், டக். இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேனைக் கயிற்றில் கட்டி நுனியில் தொங்கவிட்டாள். நின்றது. இன்னொரு கேன். நின்றது. குழாய்ச் சொட்டை எண்ணிக்கொண்டு இருநூறு வரைக்கும் பார்த்தாள், பலகை ஒரு நூல் அசையவில்லை. ரெண்டு வருஷமாகச் சாக்குக்குள் இப்படித்தான் நின்றிருக்கிறது, ஒருவரும் கேட்காமல்.

செல்போன் அடித்தது, மெல்பா, கிளப்பிலிருந்து. பின்னால் பிள்ளைகள் சத்தம். "அம்மா, சுக்கான் முடிஞ்சிதா? நாளைக்கு வாடை கூடுதலா இருக்குமாம்," என்றாள், குரலில் பயம் இல்லை, சந்தோஷம்தான். முடிஞ்சிரும் என்றாள் பிரிசில்லா. "நான் நெனச்சு வச்சிட்டேன்மா. திட்டு வரைக்கும் ஒத்தச் சுக்கான், வலதத் தூக்கி வச்சிருவேன், நீ சொல்லித்தந்த மாதிரியே. எங்க ரெண்டு பேருக்கும் அது தண்ணி பட்ட பாடு," என்று சிரித்தாள். வள்ளம் வந்தா, என்றாள் பிரிசில்லா. "என்ன வள்ளம்?" இல்ல, குறுக்க ஏதாவது வந்தா. "ஒதுங்கிப் போவேன், வேற என்ன. சரிம்மா, வைக்கேன்." வைத்துவிட்டாள். ஒதுங்கிப் போவாள். ஒதுங்கிப் போய்ச் சிரித்துக்கொண்டே போவாள், பிடி கனத்தால் நீரோட்டம் என்று நினைப்பாள், ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த கதையில் அப்பாவின் ஒட்டுதான் விட்டது, அம்மாவின் கை எதையும் மறக்கவில்லை. எவ்வளவு நல்ல பலகையை மாட்டினாலும், வெள்ளை அடித்தாலும் நீலம் அடித்தாலும், மறந்துபோகிற இடம் அப்படியே அந்தத் திட்டுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லாததால் அந்த இடத்தில் இரண்டு வருஷமாக யாரும் எச்சரிக்கையாக இல்லை. பெயிண்ட் டப்பாவைத் திறந்துதான் வைத்திருந்தாள். மூடியை எடுத்து மூடினாள், மூடி சரியாக உட்காராமல் நாலு தடவை குத்த வேண்டியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் நீலப் பலகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், தேய்க்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

நாலு பத்துக்குப் படியில் செருப்புச் சத்தம். தஸ்நேவிஸ் மாடிக்கு வந்தவன் முதலில் பார்த்தது ஒழுகிக் கிடந்த வெள்ளைப் பலகையை, பிறகு காலிச் சாக்கை, பிறகு அவள் மடியை. முகம் சுருங்கியது. "அதத்தான் போடாதேன்னு சொன்னம்லா," என்றான். வெள்ளையில தண்ணி ஏறியிருக்கு என்றாள். "அப்ப பிள்ள நாளைக்குப் போக வேண்டாம். அந்த ஒட்ட நம்பி நான் விடமாட்டேன்." ஒட்டு விடலங்க என்றாள் பிரிசில்லா, குரல் எங்கிருந்தோ வந்தது. "அன்னைக்கும் விடல. நான் வலதப் பூட்டவே இல்ல. திட்டத் தாண்டி எறக்குனேன், வள்ளம் ஒண்ணு வந்துச்சு, மறந்துட்டேன். ஒங்க வேலைல ஒரு கொறையும் இல்ல." அவன் உட்கார்ந்தான். பலகையை அவள் மடியிலிருந்து எடுத்தான், தேன்நிற ஒட்டின் மேல் பெருவிரலை ஓட்டினான், ஒரு மூலை, இன்னொரு மூலை. பூட்டை அழுத்தினான், டக். விடுவித்தான், அழுத்தினான், டக். எத்தனை தடவை என்று தெரியாது. ஏதாவது சொல்லிவிட மாட்டானா, ஒரு அடி அடித்துவிட மாட்டானா என்றிருந்தது அவளுக்கு. கடைசியில் பலகையைப் பார்த்தபடியே கேட்டான், "எப்பத் தெரியும் ஒனக்கு?" தெரியாது, கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, இன்றைக்குத் தேய்க்கும்போதுதான் தெரிந்தது, மூன்று பதிலும் நாக்கு நுனியில் தயாராக நின்றன. "ஆஸ்பத்திரியிலேயே தெரியும்," என்றாள்.

குழாய் சொட்டியது. பக்கத்து வீட்டில் யாரோ கொடியிலிருந்து துணி எடுத்தார்கள். தஸ்நேவிஸ் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பிக்கொடுத்த சாமானைப் பார்ப்பது போல. கண் கலங்கியிருந்தது, அவளைப் பார்க்கவில்லை. "கிளீட்டஸ் கடையடைக்க அஞ்சரை ஆகும்," என்றான். "போய் அவங்கிட்டச் சொல்லிட்டு வா. நான் கூட வரமாட்டேன். வர்ற வழியில கிளப்புல மெல்பாட்டயும் சொல்லு, போனுல சொல்லாத." சரி என்று எழுந்தாள், கால் மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்னை மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்து, அதை இப்போது கேட்க உரிமை இல்லை என்று விட்டுவிட்டாள். கை கழுவாமலே படியிறங்கினாள், நீலத்தூள் கையோடு. நாலு படி இறங்கியிருப்பாள், "இப்படியா தேய்ப்பா ஒருத்தி," என்று அவன் தனக்குத்தானே சொல்வது கேட்டது, ஏச்சுமாதிரியும் இல்லை, பாசமும் இல்லை. பிறகு உப்புத்தாளின் சத்தம். ஒரே பக்கமாக, நீளமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல். வெளிவாசலுக்கு வந்த பிறகும் கேட்டது. கிளீட்டஸிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கேட்டைச் சாத்தினாள்.